வெறுங்காலில் பூட்டிய இரும்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு தை மாதத்தில், தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகையில் நழுவி விழுந்த மிளகாய் மூட்டையொன்று ரோச்சின் வலது முழங்காலின் வெளிப்புறத்தைத் தாக்கிற்று. எலும்பு முறியவில்லை. ஆயினும் அவ்விடத்தில் ஓடும் நரம்பு நசுங்கியமையால், பாதத்தை மேலே தூக்கும் வலு அற்றுப்போயிற்று. நடக்கும்போது விரல்கள் தரையில் இழுபட்டன. புறங்காலைக் கிள்ளினாலும் உணர்வில்லை. இருபது ஆண்டுகளாகக் கொழும்புத் தோணியில் சுக்கான் பிடித்தவனுக்கு வேறு தொழில் தெரியாது. தோணியில் தன் இடத்தை மீட்பதொன்றே அவனுடைய கவலையாக இருந்தது.

மருத்துவர் அவனைத் திருநெல்வேலியில் கால்கருவி செய்யும் மந்திரமூர்த்தியிடம் அனுப்பினார். மந்திரமூர்த்தி கருவிகளைப் பலகைமேல் பரப்பி விளக்கினார். கணுக்கால் தாங்கிகள் பல வகைப்படும். சுளுக்கு கண்ட காலுக்கு நாடா வைத்த தோலுறை. பக்கவாட்டில் மடங்கும் காலுக்கு அசைவற்ற இருபுறக் கம்பி. தொங்கும் பாதத்துக்கோ கணுக்காலருகே சுருள்வில் வைத்த கம்பி. அந்த வில்லே பாதத்தைத் தூக்கிவிடும். சென்னைப் பக்கம் பிளாஸ்டிக்கிலும் செய்வதாகப் பேச்சு. அதனை அவர் கண்டதில்லை. வில் வைத்த கருவியை ரோச்சின் காலில் பூட்ஸோடு மாட்டிவிட்டார்.

"கம்பி ரெண்டும் பூட்ஸோட குதியில எறங்குது, பாத்தீரா? பூட்ஸுதான் காலப் பிடிக்கும். தெனம் சாயந்தரம் கழட்டிக் கண்ணால பாரும். புண்ணு வந்தா ஒம்ம காலு ஒமக்குச் சொல்லாது வே."

"கடத்தண்ணி படலாமா அண்ணாச்சி?"

"தோலும் இரும்பும் வே இது. குளிப்பாட்டவா போறீரு?"

கருவி நன்றாகவே உழைத்தது. ரோச் விரல் இழுபடாமல் துறைமுகம் வரை நடந்தான். ஆனால் தண்டல் பாஸ்கல், தோணியின் தலைவர், அவனுடைய பூட்ஸைக் கண்டதும் கையை நீட்டித் தடுத்தார். அத்தோணியின் பாய்மரத்தடியில் மாதா சுரூபம் நிறுவப்பட்டிருந்தது. செருப்புக் கால் அங்கே மிதிப்பதில்லை.

"பூட்ஸப் போட்டுக்கிட்டு மாதா முன்னால நிப்பியாலே? எங்க அப்பன் காலத்துல சுங்கத்து அதிகாரியே கழட்டி வச்சிட்டுதான் ஏறுவான்."

ரோச் நேரே கொல்லுப்பட்டறைக்குச் சென்றான். பூட்ஸை அகற்றி, கம்பிகளை ஓர் இரும்புத் தகட்டில் பற்றவைத்து, வெறும் பாதத்தைத் தகட்டின்மேல் நிறுத்திப் புறங்காலின் குறுக்கே தோல்வாரினால் இறுக்கிக்கொண்டான்.

"செஞ்சவர்ட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள் அவன் மனைவி கிளாடிஸ்.

"தண்டலு செருப்பத்தான ஆகாதுன்னாரு. இரும்பு ஆகாதுன்னு சொல்லலியே ஏளா."

பாஸ்கல் அவனை முன்புற அணியத்திலிருந்து பின்புறம்வரை நடக்கவிட்டுப் பார்த்தார். தகடு பலகையில் மோதி ஓசையிட்டது. "ஏலே, நீ நடந்தா பூனை வேண்டாம். எலியெல்லாம் கடல்ல குதிச்சிரும்," என்று சிரித்துச் சுக்கானை அவன் கையில் கொடுத்தார்.

கருவாட்டுச் சிப்பங்களோடு தோணி புறப்பட்டது. முதல் நாளே அலைநீர் தோல்வாரை ஊறவைத்தது. வெயில் அதனை உலர்த்திற்று. நனைந்து உலருந்தோறும் வார் சுருங்கியது. ரோச் அதனைக் கழற்றவே இல்லை. கழற்றினால் தொங்கும் பாதத்தை எல்லாரும் காண்பர். கண்டால் சுக்கான் கைமாறும். ஆகவே உறங்கும்போதும் இரும்போடு உறங்கினான். மூன்றாம் நாள் காற்று விழுந்தது. தோணி நடுக்கடலில் ஆறு நாள் அசையாது கிடந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் துர்நாற்றம் எழுந்தது.

"கருவாடு நனைஞ்சி அழுகிட்டுலே!" என்று பாஸ்கல் கூவினார். சிப்பங்கள் ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்டன. ரோச்சும் நாற்பது சிப்பங்களைப் புரட்டி முகர்ந்தான். ஈரத்தோடு கட்டிய வியாபாரியை வாயார வைதான். எதுவும் அழுகியிருக்கவில்லை. நாற்றமோ அவன் நின்ற இடத்திலெல்லாம் மிகுந்தது. பாஸ்கல் ஈக்களைப் பார்த்தார். பின்னர் அவை மொய்த்த இடத்தைப் பார்த்தார்.

"காலக் காட்டுலே."

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சிப்பத்துலதான்..."

"காட்டுலே மூதி!"

வாரினை அவிழ்க்க இயலவில்லை. அது சதைக்குள் புதைந்திருந்தது. கத்தியால் அறுத்தெடுத்தார்கள். விரல்கள் ஐந்தும் கரிபோலக் கறுத்திருந்தன. கறுப்பு கணுக்கால்வரை ஏறியிருந்தது.

"எத்தன நாளாக் கழட்டல?"

"ஏறுனதுல இருந்து."

"நோவலியா?"

"இல்ல அண்ணாச்சி."

"நொந்திருந்தா மட்டும் சொல்லியிருப்பியாக்கும்?"

ரோச், "கொழும்பு மட்டும் சுக்கான எங்கையில விடுங்க. ஒக்காந்துக்கிட்டே பிடிக்கேன்," என்றான். பாஸ்கல் காது கேளாதவர்போல அவனைத் தூக்கிச் சிப்பங்களின்மேல் கிடத்தினார். தம் துண்டினால் அந்தப் பாதத்தை மூடினார்.

பிற்பகலில் காற்று எழுந்தது. பாய் நிறைந்தது. பாஸ்கல் தாமே சுக்கானில் நின்றார். கொழும்பில் முழங்காலுக்குக் கீழே வெட்டிவிடுவார்கள் என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர். ரோச்சின் உடலில் காய்ச்சல் ஏறியது. காற்று தெற்கே திரும்புவதைக் கன்னத்தில் உணர்ந்தான். தோணி வழியிலிருந்து விலகிச் செல்கிறது. சுக்கானைச் சற்றே இடப்புறம் தள்ள வேண்டும். அவன் வலக்கை சிப்பத்தின் கயிற்றைப் பற்றி மெல்லத் தள்ளிக்கொண்டேயிருந்தது.