தாயில்லாத வைரஸின் துக்கம்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனத்தில் பிறக்கவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பிரிவில் பிறந்தது. அந்தப் பிரிவின் தலைவி பெர்னிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீ காலேஜ் பத்திரிகையில எல்லாரையும் நக்கல் பண்றவன்தானே? ஒரு தடவையாவது உருப்படியா எழுது. வெள்ளிக்கிழமை நன்கொடை விருந்து. ஒவ்வொரு மேஜையிலயும் ஒரு சின்ன புத்தகம் வைக்கப்போறோம். நம்ம ரெம்பெல் கண்டுபிடிப்பைப் பத்தி ஒரு கதை. சாலட் முடியறதுக்குள்ள ஜனங்க அழணும்."

"யார் யார் அழணும்?"

"செக் புக்கோட வந்தவங்க எல்லாரும்."

பேராசிரியர் கார்னீலியஸ் ரெம்பெலின் கண்டுபிடிப்பு இதுதான்: வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய் துக்கப்பட்டால், பிள்ளையின் பதற்றத்தை அடக்கும் மரபணு வாயடைத்துப்போகிறது. போஸ்டரில் இன்னும் சுருக்கம்: "அம்மாவின் கண்ணீர், பிள்ளையின் மரபணுவில்." அப்பாக்களின் கண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்குப் போஸ்டரில் இடம் போதவில்லை.

2.

முதல் தொடக்கம்: "உயிர் என்பது ஒரு புத்தகம்—"

[வேண்டாம். புத்தகத்தை உவமை சொல்லாமல் இந்தத் துறையில் ஒருவருக்கும் நிதி கிடைத்ததில்லை.]

இரண்டாம் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் டாரியா—"

[கனடாவில், ரெஜினாவுக்கும் வினிபெக்குக்கும் நடுவில் இருக்கும் ஊரில் இதைச் செய்தி என்றுகூடச் சொல்ல முடியாது.]

மூன்றாம் தொடக்கம் பாடமாகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் ஈரலிலும் மூளையிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. இருந்தும் ஈரல் யோசிப்பதில்லை. அதற்குக் காரணங்களில் ஒன்று, டி.என்.ஏ.வின் 'சி' என்ற எழுத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் மீத்தைல் என்னும் பொடிக் குறி. குறி ஒட்டினாலும் எழுத்து மாறாது. ஒரு மரபணுவின் தொடக்கத்தில் இந்தக் குறிகள் அடர்ந்துவிட்டால் அதைச் செல் பெரும்பாலும்* படிப்பதில்லை.

*இந்த 'பெரும்பாலும்' அழுகையைக் கெடுக்கிறது என்றார் பெர்னிஸ். ரெம்பெல் தன் கட்டுரையிலிருந்து அதை எப்போதோ எடுத்துவிட்டார்.

3.

டாரியா, ரெம்பெலின் முனைவர் பட்ட மாணவி. பிள்ளைகளின் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி எடுப்பதிலிருந்து கணினியில் கணக்குப் போடுவது வரை எல்லாம் அவள் வேலை. பேட்டி கொடுப்பது ரெம்பெலின் வேலை. முதல் வரைவில் அவளைப் புரட்சிக்காரியாக எழுதினேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விருந்துக்கு ஒத்திகை பார்க்க லூசில் என்ற பெண் மகன் தியோவோடு வந்திருந்தார். ஆய்வில் கலந்துகொண்ட தாய்மாரில் ஒருவர். மேடையில் அவர்தான் 'உயிருள்ள உதாரணம்'. தியோ அந்த வாரம் பள்ளியில் ஒருவனைக் கடித்திருந்தான்.

"டாரியா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். டாக்டர்கிட்ட கேக்க வெக்கமா இருக்கு."

"கேளுங்க லூசில்."

"என் வீட்டுக்காரர் லாரியோட பனியில சறுக்கிப் போய்ச் சேர்ந்தப்ப இவன் என் வயித்துல இருந்தான். நான் அழாம இருந்திருந்தா இவன் கடிச்சிருக்க மாட்டானா?"

"அவன் என் ஹாக்கி பிளேயர் படம் போட்ட கார்டைக் கிழிச்சான்மா," என்றான் தியோ. இந்தக் காரணத்தை ஆய்வில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

"நீ சும்மா இருடா. மைக் குடுத்து, 'தெரியாம என் பிள்ளைக்கு நான்தான் இதைச் செஞ்சுட்டேன்'னு சொல்லச் சொல்லியிருக்காங்க. நாலு பேருக்கு நல்லதுன்னா சொல்லிடறேன். ஆனா அது நெசமா டாரியா?"

டாரியா, "பார்த்துச் சொல்றேன்" என்றாள். அதைச் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. அந்த ஆய்வகத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

4.

எந்த 'சி'யில் குறி இருக்கிறது என்று கண்டுபிடிக்க டி.என்.ஏ.வைப் பைசல்ஃபைட் என்ற ரசாயனத்தில் ஊறவைப்பார்கள். குறியில்லாத 'சி' உருமாறிவிடும். குறியுள்ளது அப்படியே நிற்கும். ரசாயனம் அரைகுறையாக வேலை செய்தால் குறியில்லாததும் அப்படியே நின்று, குறி இருப்பதுபோல நடிக்கும். அதனால் மாதிரிகளை அடுக்கும் ஒவ்வொரு தட்டிலும் காவலுக்கு, குறியே இல்லாத ஒரு வைரஸின் டி.என்.ஏ.வைச் சேர்ப்பது வழக்கம். அது முழுக்க உருமாறியிருந்தால் தட்டு சரி. சேர்ப்பதில் யாரும் குறை வைப்பதில்லை. திரும்பிப் பார்ப்பதில்தான்.

டாரியா பார்த்தாள். மகிழ்ச்சியான தாய்மாரின் பிள்ளைகள் இருந்த தட்டில் வைரஸ் சுத்தம். துக்கப்பட்ட தாய்மாரின் பிள்ளைகள் இருந்த தட்டில் வைரஸ் முழுக்கக் குறிகள்.

விவரம் தெரிந்தவர்கள் இரண்டு கூட்டத்தையும் கலந்துதான் தட்டில் அடுக்குவார்கள். ரெம்பெல் தனித்தனியாக அடுக்கச் சொல்லியிருந்தார்: துக்கத்துக்கு நீல மூடி, மகிழ்ச்சிக்கு மஞ்சள் மூடி. போட்டோவுக்கு எடுப்பாக இருக்குமாம்.

"புரொஃபசர், நீலத் தட்டுல ரசாயனம் சரியா வேலை செய்யல. வைரஸ்லயும் குறி தெரியுது."

"எந்த வைரஸ்?"

"நாம காவலுக்குப் போடறது. அதுக்கு அம்மாவே கிடையாது. அதுவும் துக்கமா இருக்கு."

ரெம்பெல் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வைரஸை வரைபடத்துலேர்ந்து எடுத்துடு."

"கலந்து அடுக்கி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். வித்தியாசம் நெசம்னா அப்பவும் நிக்கும்."

"ஓட்டு. வெள்ளிக்கிழமை கழிச்சு ஓட்டு. உன் தீசிஸ் என் மேஜையிலதானே இருக்கு? கையெழுத்துப் போட எனக்கும் நேரம் கிடைக்கணும் பாரு."

"லூசிலுக்கு என்ன சொல்ல?"

"யாரு லூசில்?"

"உங்க உயிருள்ள உதாரணம்."

[பதற்றம் மூளையின் விவகாரம், இவர்கள் பார்த்தது கன்னத்தை. இதைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதி— விடுங்கள். ஒரு கதைக்கு ஓர் அவமானம் போதும்.]

5.

முடிவு அ: டாரியா மேடையேறி உண்மையைச் சொல்கிறாள். அரங்கம் எழுந்து நின்று—

[அவளிடமே காட்டினேன். கேன்டீனில் பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைப் புளித்த கிரீமில் முக்கிக்கொண்டே, "கை தட்டினவங்க எனக்கு வேலை போட்டுக் குடுப்பாங்களா?" என்றாள்.]

முடிவு ஆ: ரெம்பெல் மனம் திருந்தி—

[மாயாஜாலக் கதை எழுத எனக்கு வராது.]

"அப்ப நடந்ததையே எழுதட்டுமா?" என்றேன்.

"எழுது. நீ எழுதினா எவனும் நம்ப மாட்டான். ஒரே ஒருத்தங்க நம்பினா போதும்."

டாரியா என்பது அவள் பெயரில்லை. தன் ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களின் பெயர் ரெம்பெலுக்குத் தெரியாது. ஆகவே அவளுக்கு ஆபத்தில்லை.

6.

நாலாம் பகுதி முழுக்க மஞ்சள் சீட்டுகளை ஒட்டிக் கதையைத் திருப்பித் தந்தார் பெர்னிஸ்.

"ஒரு எழுத்தைக்கூட நான் வெட்டல, பாரு. மேல ஒட்டியிருக்கேன், அவ்வளவுதான். அச்சுக்காரங்க தாண்டிப் போயிடுவாங்க."

இந்த விவகாரத்தில் மீத்தைல் குறியைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை என்னிடமே ஒப்படைத்தார். மலிவான பசை. சீட்டுகள் வழியிலேயே உரிந்து வந்துவிட்டன. இந்த ஆறாம் பகுதியை அச்சகத்தில் வைத்துச் சேர்த்தேன்.

மற்ற வாசகர்கள் இனி சாலட்டைக் கவனிக்கலாம். முதல் மேஜையில் இருக்கும் லூசில், உங்கள் பெயரை மட்டும் நான் மாற்றவில்லை. அந்த நீலத் தட்டுக்கு உங்கள் அழுகையைப் பற்றி எதுவுமே தெரியாது. ரெம்பெல் இப்போது மேடைக்குப் பக்கத்தில் டையைச் சரிசெய்துகொண்டிருப்பார். தியோ கடித்துக்கொண்டிருப்பது ரொட்டியாகத்தான் இருக்கும். அவர்கள் எழுதிக்கொடுத்த வரி உங்கள் கைப்பையில் இருக்கிறது. நான் முடிவு எதுவும் எழுதவில்லை. மைக் உங்கள் கைக்குத்தான் வரப்போகிறது.