இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்

பள்ளிப் பாடநூல்கள் அச்சாகும் ஓர் அச்சகத்தில் பதினாறு வருடங்களாகப் பிழை திருத்துகிறேன். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலப்படியை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துத் தொடர வேண்டும். வேலை நெருக்கும்போது தாள்களை வீட்டுக்கு எடுத்து வருவேன். இந்த அக்காவுக்குப் படித்துக் காட்டுபவன் என் தம்பி, லிப்ட் மெக்கானிக். நிறுத்தக்குறிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது என் தப்பு. அதற்குப் பிறகு வீட்டில் எல்லாப் பேச்சும் அப்படித்தான். "பசிக்குது காற்புள்ளி சாப்பாடு எங்க கேள்விக்குறி" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பான். "கரண்டியால ஒண்ணு வச்சா முற்றுப்புள்ளி" என்பாள் அவன் மனைவி.

கடைசியாக அவன் வாசித்தது எட்டாம் வகுப்புக் குடிமையியல், அடிப்படை உரிமைகள் பாடம். பேச்சுரிமை, நடமாடும் சுதந்திரம், சட்டத்தின் முன் சமத்துவம். 'கைது செய்யப்பட்ட எவரையும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும்' என்ற வரி மூன்று அச்சுப்படிகளிலும் பிழையில்லாமல் வந்திருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்கு அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மேல்மாடி எலக்ட்ரீஷியன் ஏதோ சுவரொட்டி ஒட்டினானாம், ஆள் தலைமறைவு. அவன் எங்கே என்று கேட்பதற்கு என் தம்பி.

"அண்ணி, இப்பவே ஸ்டேஷனுக்குப் போவோம். அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூட்டிட்டு வாசல்ல உட்கார்ந்து கத்துவோம்" என்றாள் தம்பி மனைவி.

"கத்தினா அவங்களுக்குக் கோபம்தான் வரும். நாளைக்கு நாலு பத்துக்குள்ள கோர்ட்டுக்குக் கொண்டு வந்தே ஆகணும். நேரா அங்க போயிடுவோம்."

"நல்லாத் தெரியுமா அண்ணி?"

"நான்தானேம்மா அந்தப் பாடத்தைத் திருத்தினேன்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

மறுநாள் அவனுக்கு ஒரு சட்டையைத் தேய்த்துப் பையில் வைத்துக்கொண்டு, நீதிமன்ற நடைபாதையில் பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்தோம். ஒவ்வொரு போலீஸ் வண்டிக்கும் எழுந்து நின்றோம். ஐந்து மணிக்குக் குமாஸ்தா பட்டியலை இரண்டு தடவை புரட்டினார். "இந்தப் பேர்ல யாருமே இல்லையேம்மா. முதல்ல ஸ்டேஷன்ல போய்க் கேளுங்க."

ஸ்டேஷனில் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"சார், இருபத்து நாலு மணி நேரம் தாண்டிடுச்சு" என்றேன்.

"எதுலேர்ந்து?"

"நேத்து கைது பண்ணினதுலேர்ந்து."

"யாரு கைது பண்ணினா? கைதுன்னு எழுதினாத்தானேம்மா மணி ஓடும். இது சும்மா விசாரணை."

"அப்படின்னா வீட்டுக்கு அனுப்பிடுங்க சார்."

அவர் மேஜை மேலிருந்த தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். "காலையில பதினொண்ணு இருபதுக்கு நெஞ்சுவலின்னு சொன்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

முப்பத்தொரு வயது ஆள். லிப்ட் நின்றுபோன கட்டடங்களில் பத்து மாடி ஏறி இறங்குபவன். பதினொன்று இருபதுக்கு நாங்கள் பெஞ்சில் இடம் கிடைத்த நிம்மதியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகை வரவில்லை. மூளை தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது: அந்த வரியின்படி பார்த்தாலும் இன்னும் நாலு மணி ஐம்பது நிமிடம் பாக்கி இருந்திருக்கிறது.

பிணவறையில் முகம் மட்டும் தெரியும்படி துணியை விலக்கினார்கள். தம்பி மனைவி கால்மாட்டுக்குப் போய்த் துணியைத் தூக்கினாள். உள்ளங்கால்கள் இரண்டும் கறுத்து, இரண்டு மடங்கு வீங்கியிருந்தன.

பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால்தான் உடல். 'தாமாகவே விசாரணைக்கு வந்தார். உடல்நலக் குறைவால் இறந்தார். எங்களுக்கு யார் மீதும் புகார் இல்லை.' வரி வரியாகப் படித்தேன். படித்துவிட்டு அப்படியே நின்றேன்.

"போட்டுடுங்க அண்ணி" என்றாள் அவள். "அவரு அந்தக் குளிர்ல தனியாக் கிடக்காரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம்."

போட்டேன்.

அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்துதான். ஆனால் அவன் தானாகப் போகவில்லை. மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் அவனுடைய பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்திருந்தான். இரண்டாம் மாடியிலிருந்து தெரு வரைக்கும் ஒவ்வொரு படியிலும் "எதுக்குங்க, எதுக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே போனான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. எங்களுக்குப் புகார் இருக்கிறது.