சின்ன அறையின் சுவர்

கல்யாணமான நான்காம் வருடம், கொத்தனார் வீட்டுச் சின்ன அறையின் சுவரில் ஒரு கட்டி புறப்பட்டது. முதலில் எலுமிச்சை அளவு இருந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் ஆரஞ்சு அளவானது. கொத்தனாருக்கு, மட்டம் பார்க்கிற கருவியின் பெயரான ரசமட்டம்தான் பட்டப்பெயர். அடுத்தவர் கட்டிய சுவரைக்கூட ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, ஒரு நூல் விலகினாலும் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிற மனிதர். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே சுவர் புடைத்தால் கூட வேலை செய்கிறவர்கள் சும்மா விடுவார்களா? மணலில் உப்பு என்றார்கள், சிமெண்டில் கலப்படம் என்றார்கள், சுவர் மாசமாக இருக்கிறது என்றார்கள். கடைசிக் கேலி மட்டும் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பிறக்கப்போகிற குழந்தைக்கென்று அவர் தன் கையால் கட்டிய அறை அது. குழந்தைதான் இன்னும் வந்தபாடில்லை.

சுத்தியும் உளியும் எடுத்துக் கட்டியைச் செதுக்கித் தள்ளினார், பூசினார், மட்டம் பார்த்தார். கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி புடைத்தது. துணைக்கு இன்னும் இரண்டு வந்தன. அவரும் விடாக்கண்டன். லீவு நாள் வந்தால் சுத்தியோடு அறைக்குள் போய்விடுவார். இப்படியே மூன்று வருடம் ஓடியது.

அவர் மனைவி பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தாள். மாதத்தில் பாதி நாள் அவளுக்கு ரத்தப்போக்கு. நாற்காலியில் கறுப்புத் துணியை மடித்துப் போட்டுத்தான் உட்காருவாள். எழுந்தால் முதல் காரியமாகத் திரும்பிப் பார்ப்பாள். வீட்டில் மூச்சு விடவில்லை. ஒருநாள் பயணிக்கு மீதிச் சில்லறையை நீட்டியபடியே கவுண்டருக்குள் சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டிகள் மூன்று, உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். முதலில் பார்த்த டாக்டர், முப்பத்தேழு வயதாகிவிட்டது, இனி எதற்குச் சிரமம், பையோடு எடுத்துவிடலாம் என்று எடுத்தேன் கவிழ்த்தேன் என்று சொல்லிவிட்டார். அவள் படுத்தபடியே மாட்டேன் என்று தலையாட்டினாள்.

ரசமட்டம் ஸ்கேன் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பெரியது மேலே இடப்பக்கம், அதன்கீழே சின்னது, மூலையில் மற்றொன்று. ஒரு நூல்கூட விலகவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், எந்தெந்த நாளில் அதிகமாகப் போகும் என்று அவளிடம் கேட்டார்.

“நீங்க சுத்தி எடுக்கிற நாள்ல.”

“ஏன் சொல்லலை?”

“குழந்தைக்கு அறை நேரா இருக்கட்டுமேன்னுதான்.”

இத்தனை வருடமும் தான் எதைச் செதுக்கினோம் என்று அவருக்குப் புரிந்தது. வராந்தாவில் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

விசாரித்து விசாரித்து இன்னொரு டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தார்கள். பையை விட்டுவிட்டுக் கட்டிகளை மட்டும் எடுத்துத் தைக்கலாம் என்றார் அவர். கட்டி சுருங்க ஊசியும் ரத்தம் ஊற மாத்திரையும் கொடுத்தார். நடுவில் ரத்தம் நிற்காவிட்டால் உயிரைக் காப்பாற்றப் பையையும் எடுக்க நேரிடும் என்பதையும் மறைக்கவில்லை. அவள் சம்மதித்தாள். ஆபரேஷன் அன்று ரசமட்டம் தன் அக்காவை ஆஸ்பத்திரியில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பெண்டாட்டி அங்கே கிடக்க, இவன் சுவரைக் கட்டிக்கொண்டு அழுகிறானே என்று அக்கா திட்டித் தீர்த்தாள்.

காலை பத்து மணிவாக்கில் சுவர் மெழுகாக இளகியது. கட்டிகள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழுந்தன. குழிகளில் சிவப்பாகக் கசிந்தது. அவர் பூச்சுக் கரண்டியைத் தொடவில்லை. இரண்டு குழிகளை உள்ளங்கைகளால் அழுத்தினார், மூன்றாவதை நெற்றியால் அழுத்தினார். மதியம்வரை அப்படியே நின்றார். கசிவு நின்று, குழிகள் தானாக மூடி, மேலே கோணல்மாணலாக ஒரு தையல் ஓடியது. பையைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று அக்கா போன் செய்தபோது, தெரியும் என்றார். அந்தக் கோணலை அவர் சரிசெய்யவே இல்லை.

டாக்டரம்மா சொன்ன மாதங்கள் பொறுத்தார்கள். அதற்குமேலும் பொறுத்தார்கள். ஒரு குளிர்காலத்தில் அறை வெதுவெதுப்பானது. பரிசோதனைக்கு முன்பே இருவருக்கும் தெரிந்துவிட்டது. படுக்கையை அங்கே மாற்றிக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்துத் தூங்கினார்கள். ஒரு விடியலில் முதுகு சில்லிட்டு இருவரும் ஒன்றாக விழித்தார்கள். யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை. அதற்குப் பிறகு அந்த அறை சூடாகவே இல்லை.

இதற்கா இத்தனை பாடு, அன்றைக்கே எடுத்துப் போட்டிருந்தால் நிம்மதி என்று அக்கா ஒருமுறை சொன்னாள்.

“அந்தக் குளிர்காலம் எனக்குக் கிடைச்சிருக்காதே அண்ணி,” என்றாள் அவள்.

மாதாமாதம் சுவர் நாலைந்து நாள் ஈரமாகும். அந்த நாள்களில் ரசமட்டம் அந்தப் பக்கம் அடிமேல் அடி வைத்து நடப்பார். வெள்ளையடிக்க வந்தவர்களைக்கூட அறைக்குள் விட்டதில்லை. இருவருக்கும் தலை நரைத்தது. அவளுக்கு ஐம்பது தாண்டிய பிறகு ஈரம் ஒரு மாதம் தவறியது, அப்புறம் சேர்ந்தாற்போல் சில மாதம், அப்புறம் வரவில்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தார்கள். ஒரு காலையில் அவள் முகம் பார்க்கிற கண்ணாடியோடு அந்த அறைக்கு வந்து, ஆணியையும் சுத்தியையும் அவரிடம் நீட்டினாள். அவர் வாங்காமல் நின்றார்.

“அடிங்க,” என்றாள். “இப்ப வலிக்காது.”

அவர் அடித்தார். மற்றச் சுவர்களில் உதிர்வதைப் போலவே கொஞ்சம் சிமெண்ட் தூள் உதிர்ந்தது.