முத்திரை வைத்த சுவர்

ஓவியம் எரிக்க ஒரு போத்தல் மண்ணெண்ணெய் போதாது என்று அலுவலகம் கூட்டும் ரத்தினம்மாள் மூன்று முறை சொல்லிவிட்டாள். அலுவலகம் கொடுத்தது ஒரு போத்தல்தான். பின்கட்டில், மரச்சட்டங்களின் நடுவே குந்தியிருந்து, துணியைப் பிடித்திருந்த ஆணிகளைக் குறடால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மாடியில் ஓவியத் தணிக்கைக் குழு தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றைந்தில் அந்தக் குழுவில் ஐந்து பேர். நான்கு பேருக்கு ஓவியம் தெரியாது. ஐந்தாமவரான ஊ சோ நைங்குக்கு, தனக்கு அது தெரியாது என்பதும் தெரியாது. சிவப்பு அதிகமென்றால் முத்திரை. கறுப்பு அதிகமென்றால் முத்திரை. இரண்டும் இல்லாமல் வெறும் கோடும் வட்டமுமாக இருந்தால், புரியவில்லை, ஆகவே உள்ளே ஏதோ இருக்கிறது என்று இரண்டு முத்திரை. துணியின் முதுகில் ஊதா மையில் 'காட்ட அனுமதி இல்லை' என்று விழும். அதன் கீழே வால் நீண்ட அவருடைய கையெழுத்து. முன்பக்கம் மூலையில் வரைந்தவன் போட்டிருந்த கையெழுத்தைவிட அது பெரிது.

"எரிச்சாச்சா, டாவ் ரத்தினம்மா?" மாடியிலிருந்து ஊ சோ நைங் பர்மிய மொழியில், பெண்களுக்குரிய 'டாவ்' மரியாதையோடு கேட்டார்.

"எரியுது, சயா." ஐயா என்பதற்கு அங்கே சயா.

எரிந்தது மரம்தான். துணிகளைச் சுருட்டிச் சாக்கில் திணித்து, குப்பைக்கு அடியில் வைத்து வெளியே தள்ளினாள். கெட்டித் துணி. எண்ணெய்ச் சாயம் ஏறியது, தண்ணீர் இறங்காது. வீட்டில் அவள் கணவர் பொன்னுத்துரைக்கு முப்பது வருஷம் துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமந்த நெஞ்சு. மழை தொடங்கினால் இழுப்பும் தொடங்கும். மூங்கில் தட்டி வழியே சாரல் அவர் தலையணை வரைக்கும் வந்தது. ஈரம் படாமல் இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எப்படி என்று சொல்லவில்லை.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதையை ஒட்டிய அந்த வீட்டில், தட்டியின் உட்புறம் துணிகளை அடித்துக் கொடுத்தவன் பக்கத்து வெற்றிலைக் கடை தஸ்தகீர்.

"எந்தப் பக்கம் வெளிய, அக்கா? படமா, முதுகா?"

"படம் மழைப் பக்கம். சாயந்தானே தண்ணிய நிறுத்தும்."

"அப்ப உள்ளுக்குப் பூரா முத்திரையா? அண்ணே, இனிமே நீங்க படுத்திருக்கிறது கவர்மெண்டு ஆபீசு."

முப்பத்தொரு துணி. சுவர் பதினெட்டு வருஷம் நின்றது. பொன்னுத்துரை மழையிலும் தூங்கினார். குடும்பப் பட்டியல் சரிபார்க்க வந்த வட்டாரக் குமாஸ்தா, நாலு பக்கமும் அரசு முத்திரையைக் கண்டு, அதை வாசிக்கத் தைரியமில்லாமல், குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் போனான். நர்கிஸ் புயல் கூரைத் தகரத்தைக் கொண்டுபோனது. சுவர் அசையவில்லை.

புயலுக்கு ஐந்து வருஷம் கழித்து, கெடுபிடி தளர்ந்திருந்த ஓர் ஆடி மழையில், குமாஸ்தா வாயிலிருந்து பரவிய பேச்சைக் கேட்டு, ஓய்வு பெற்ற ஊ சோ நைங் இரண்டு ஆட்களோடு காரில் வந்து இறங்கினார். ரத்தினம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"எல்லாம் எரிச்சிட்டேன், சயா. சத்தியமா."

அவர் அதைக் கேட்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது என் கையெழுத்து!" என்றார். தடவிப் பார்த்தார். கண் கலங்கியது. "இது தேசத்தோட சொத்து, டாவ் ரத்தினம்மா!"

"நீங்கதானே எரிக்கச் சொன்னீங்க?"

"அப்போ காலம் அப்படி," என்றார், காலம் என்பவர் பக்கத்து மேசையில் இருந்த வேறொரு அதிகாரி போல.

ஒரு பெரிய வியாபாரி தன் பங்களாவில் அருங்காட்சியகம் வைக்கிறாராம். தடுக்கப்பட்ட ஓவியங்களுக்கு. இவர்தான் ஆலோசகர். "முத்திரை இருந்தாத்தான் வெள்ளக்காரன் நம்புவான்."

"செவுத்தக் கொண்டுபோயிட்டா நான் எங்க படுக்குறது?" என்று கட்டிலில் இருந்து பொன்னுத்துரை கேட்டார்.

"புதுப் பலகை அனுப்புறேன். அடுத்த வாரம்."

"அப்ப அடுத்த வாரமே வாங்க," என்றாள் ரத்தினம்மாள். "பலகைய அடிச்சிட்டுத் துணிய எடுங்க."

அவர் சிரிப்பு மாறவில்லை. "அரசாங்கப் பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்தா எத்தனை வருஷம்னு எனக்குத் தெரியும். நான் மறந்துட்டேன். நீங்களும் மறந்துடுங்க."

அவள் விலகி நின்றாள். ஆட்கள் தட்டியோடு பிய்த்தார்கள். மழை உள்ளே வந்தது. காருக்கு எடுத்துப் போகும்போதுதான் படங்களை அவள் சரியாகப் பார்த்தாள். நீலத்தின் மேல் ஒரு மஞ்சள் வட்டம். முகமில்லாத மூன்று பெண்கள். ஒரு சிவப்புக் குடை, அதன் கீழே யாருமில்லை.

தஸ்தகீர் வெற்றிலைச் சாற்றைத் துப்பினான். "ஏன்க்கா, இதுக்கா பயந்தானுங்க?"

மூன்று வாரம் ஆயிற்று. பலகை வரவில்லை. சாக்கும் அட்டையும் நனைந்து தொங்கின. பொன்னுத்துரை படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார்; மூச்சு விசிலடித்தது. நாலாவது வாரம் ரத்தினம்மாள் இரண்டு பஸ் மாறி பங்களாவுக்குப் போனாள்.

அன்றைக்குத் திறப்பு விழா. வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஊ சோ நைங்கின் முகம். கீழே, 'கலையை அழிவிலிருந்து காத்த கரங்கள்'. பதாகையில் கை மட்டும் இல்லை.

"ஈரத்தோட உள்ள போகக்கூடாது," என்றான் காவலாளி.

கண்ணாடி வழியே பார்த்தாள். அவளுடைய சுவர் துண்டு துண்டாக விளக்கடியில் தொங்கியது. முதுகும் தெரிய வேண்டும் என்று கம்பியில் கட்டியிருந்தார்கள். மூலைக்கு ஒரு வெள்ளைப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. ஈரத்தை உறிஞ்சும் மிஷின் என்றான் காவலாளி. நடுவில் ஊ சோ நைங் மைக்கில் பேசியது வாசல் வரை கேட்டது. எரிக்கச் சொல்லி உத்தரவு வந்ததாம். மனசு கேட்கவில்லையாம். நம்பிக்கையான ஓரிடத்தில் மறைத்து வைத்தாராம். எல்லாரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபிறகு வெளியே வந்தார்.

"பலகை, சயா."

"நல்லவேளை வந்தீங்க. ரெண்டு படத்துல பூஞ்சை. கொஞ்சம் கவனமா வச்சிருக்கக் கூடாதா?"

"துணிக்கு மிஷின் வச்சிருக்கீங்க, சயா. எங்க வீட்டுக்காரருக்கு அந்தத் துணிதான் மிஷின். அவர் உக்காந்துக்கிட்டே தூங்குறாரு."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். விழா முடிந்துவிட்டது. காவலாளியிடம் வாசலைக் காட்டினார். அவன் பதாகையை இறக்கிச் சுருட்டி அவள் தோளில் வைத்தான்.

"பிளாஸ்டிக்," என்றார் ஊ சோ நைங். "சொட்டுத் தண்ணி இறங்காது."

அவள் வீடு திரும்பியதும் தஸ்தகீர் சுத்தியலோடு வந்தான். பதாகையைப் பிரித்துத் தரையில் விரித்தான். பிறகு, "எந்தப் பக்கம் வெளிய, அக்கா?"

"மூஞ்சி மழைப் பக்கம்."

காற்றுக்குக் கிழியாமல் இருக்க அதில் அங்கங்கே அரைவட்டமாகக் கீறியிருந்தது. அடிக்கும்போது யாரும் கவனிக்கவில்லை. சாயங்கால மழையில்தான் தெரிந்தது. பதாகை முகத்தின் வாய்க்கு நேரே இருந்த கீறல் வழியாகத் தண்ணீர் கட்டிலில் விழுந்தது. கட்டிலை நகர்த்தினார்கள். அங்கே கண்ணுக்கு நேரே இன்னொன்று. நகர்த்த அதற்குமேல் இடமில்லை.

சொட்டைப் பிடிக்க ரத்தினம்மாள் அலுமினியக் கிண்ணத்தைக் கொடுத்தாள். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து, பொன்னுத்துரை அதை நெஞ்சின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். மூச்சுக்கு மூச்சு கிண்ணம் ஏறி இறங்கியது. நிறைந்ததும் அவள் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, திரும்பவும் அதே இடத்தில் வைத்தாள்.