தலைகுனிந்ததே வாக்குமூலமா?

வாருங்கள்! இரண்டாவது மாடியிலுள்ள இந்த வீட்டுக் கூடத்துக்கு ஏறி வந்து, நடக்கவிருக்கும் அநியாயத்துக்குச் சாட்சியாக நில்லுங்கள். இங்கே ஒரு வழக்கு முடிந்துவிட்டது. குற்றம் சாட்டியவர், விசாரித்தவர், தீர்ப்பளித்தவர் மூவரும் ஒரே மனிதர். குற்றவாளிக்கோ வாயிருந்தும் பேச்சில்லை. பெயர் சிப்பாய், பழுப்பு நிற நாய். மாலையில் வண்டி வரும். ஊருக்கு வெளியே ஒரு மரக்கிடங்கில், சங்கிலியில், தன்னந்தனியாக வாழ்நாள் முழுவதும் கிடக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

தீர்ப்பளித்த வீட்டுக்காரர் ஒரு பெரிய கடையின் கண்காணிப்பாளர். சரக்கை ஒளித்துக்கொண்டு வெளியேறுவோரைப் பிடிப்பது அவர் வேலை. "முழியே காட்டிக்குடுத்துடும். எத்தன பேரப் பாத்திருக்கேன்!" என்பது அவர் பெருமை. அந்தப் பெருமையைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

வீட்டிலிருந்து தைத்துக்கொண்டிருந்த மனைவி, ஆலை வேலைக்குப் போகத் தொடங்கியது முதல் சிப்பாய்க்குப் பகலெல்லாம் தனிமை. மெத்தை கிழிந்தது. கதவின் அடிப்பலகை பிறாண்டப்பட்டது. ஊளை தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டார் முறையிட்டார்கள். மாலையில் கண்காணிப்பாளர் கதவைத் திறந்ததும், சிப்பாய் காதுகளைப் பின்னே மடிக்கும்; வாலைக் கால்களுக்கிடையே இடுக்கும்; உதட்டை நக்கியபடி, வெள்ளைவிழி தெரிய முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"பாத்தியா, செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது!" என்பார். சுருட்டிய செய்தித்தாள் முதுகில் இறங்கும். இப்படித்தான் அச்சம் நாள்தோறும் வாக்குமூலமாகப் பதிவாயிற்று.

அன்று அவர் புதுச் சங்கிலியோடு வந்தார். கூடமெங்கும் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. தலையணையொன்று வயிறு பிளந்து கிடந்தது. நாற்காலியில் மனைவியின் தங்கை. அவள் காலடியில் சிப்பாய்.

"இன்னைக்குமா!" என்று அவர் கத்தினார்.

சிப்பாய் தரையோடு தரையாக ஒடுங்கிற்று. காது மடிந்தது. நாக்கு உதட்டை நக்கிற்று.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. ஏய், நகரு. வண்டி வந்துடும்."

"கொஞ்சம் பொறுங்க மாமா," என்றாள் தங்கை, நகராமல். "ஆளப் புடிச்சிட்டீங்களா? நல்லாத் தெரியுமா?"

"என் கண்ணு தப்பாதும்மா."

அவள் கைப்பையைத் திறந்து, துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்தாள். "கிழிச்சது நான்."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லீங்க," என்றாள் மனைவி, சமையலறை வாசலில் நின்றபடி. "அவ கிழிக்கிறப்ப சிப்பாய் மேல் வீட்டுல இருந்துச்சு. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நான் கூட்டிட்டு வந்தேன்."

"அப்ப எதுக்குக் குனியுது?"

"உங்க சத்தத்துக்கு. பஞ்சும் நீங்களும் சேர்ந்து வந்தா அடி விழும், அது மட்டுந்தான் அதுக்குத் தெரியும்," என்றாள் தங்கை.

அவர் தளர்ந்துவிடவில்லை, பிடித்த பிடியை விடாதவர். "சரி, கதவப் பிறாண்டுனதும் நீதானா? உனக்கு அவ்ளோ நகமா?"

"நகம் இருந்தா முதல்ல உங்களத்தான் பிறாண்டியிருப்பேன். அக்கா, சாவிய எடு."

மனைவி ஆணியில் மாட்டியிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள். சத்தம் கேட்டதுதான் தாமதம். சிப்பாய்க்கு மூச்சு இரைத்தது. எச்சில் நூலாக ஒழுகிற்று. அவள் வேலைக்குப் போவதுபோலத் தன் கைப்பையைத் தோளில் மாட்டியதும் அது கதவுக்கும் அவளுக்குமாக அலைந்து, முன்னங்கால்களைத் தூக்கிப் பலகையைப் பிறாண்டிற்று. வெண்ணிறக் கதவில் மெல்லிய சிவப்புக் கோடு விழுந்தது.

தினந்தோறும் அதன் முகத்தைப் படித்தவர், பாதத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். நகமொன்று பிய்ந்து, ரத்தம் கட்டியிருந்தது.

"என் பூனையும் வீடு மாறினப்ப படுக்கையிலயே மூத்திரம் போச்சு மாமா. பழிவாங்குதுன்னு நெனச்சு யாருக்காவது குடுத்துடப் பாத்தேன். டாக்டர்தான் சொன்னாரு, அது பயம்னு."

தெருவில் வண்டியின் ஒலிப்பான் அலறிற்று. பிறகு படிகளில் காலடிச் சத்தம்.

கண்காணிப்பாளர் இன்னும் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்முன் வேறொரு முகம் நின்றது. கடையில், அலமாரிக்கு முன்னே, உதடு உலர்ந்து, பார்வையைத் திருப்பிக்கொண்டு நடுங்கிய ஒரு பெண். முழியே காட்டிக்கொடுத்தது என்று உள்ளறைக்கு அழைத்துப்போனார், எல்லோரும் பார்த்தார்கள். பையைக் கொட்டினால் அவளுடைய மருந்துப் புட்டியைத் தவிர ஒன்றுமில்லை. அன்று அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கண் தப்பியது என்று ஒப்பவும் இல்லை.

கதவு தட்டப்பட்டது.

"நாய் ரெடிங்களா?" என்றார் வண்டிக்காரர்.

மனைவி கணவரைப் பார்த்தாள். கதவருகிலிருந்து ஓடிய சிப்பாய் மேசைக்கடியில் நடுங்கிற்று. சங்கிலி அவர் கையில்தான் இருந்தது.

"வரல," என்றார் அவர்.

"நாய் வரலையா, நீங்க விடலையா?"

"நான்தான் விடல. அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க."

சங்கிலியை அவர் கண்ணுக்கெட்டாத பரணில் போட்டார். மறுநாள் விலங்கு மருத்துவரிடம் போவதென்று முடிவாயிற்று. பிறகு, சாவிக்கொத்தை எடுத்து மெதுவாக ஆட்டினார். எங்கும் போகாமல் தரையிலேயே உட்கார்ந்தார். நேராகப் பார்த்தால் அது அஞ்சும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீண்டும் ஆட்டினார், மீண்டும் உட்கார்ந்தே இருந்தார். சாவி என்றால் பிரிவு என்று கற்ற நெஞ்சுக்கு, அப்படியல்ல என்று சொல்ல அவரிடம் வேறு மொழி இல்லை.

சிப்பாய் வரவில்லை. நடுக்கமும் நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும்? அடித்த கை ஒரே மாலையில் அணைக்கும் கையாகிவிடுமா? ஆனால் வெகுநேரத்துக்குப் பின், மடிந்திருந்த காதுகளில் ஒன்று மெல்ல நிமிர்ந்தது.

சாட்சிகளே, எழுந்து போகாதீர்கள்! உங்கள் வீட்டிலும் ஒரு குற்றவாளி கட்டிலுக்கடியில் கிடக்கலாம். உதட்டை நக்கும் நாயைக் குற்றவாளியென்று ஏசாதீர்கள். ஒளிந்துகொள்ளும் பூனையை வஞ்சகியென்று வையாதீர்கள். ஓங்கிய கையைக் கீழே இறக்குங்கள். எப்போது நடுங்குகிறது, எதைக் கேட்டு நடுங்குகிறது என்று பாருங்கள், மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இன்றே, இப்போதே, குனிந்து அதன் பாதங்களைப் பாருங்கள்!