பாஷ்யத்தின் ஆஸ்டினுக்கு ஒரு இன்ஜின்

பாஷ்யத்தின் ஆஸ்டின் காரை நாலு பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு போவது திருவள்ளூர் தேரடித் தெருவுக்குப் பழகிப்போன காட்சி. முதலில் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு, "என்ன ஸ்வாமி, இன்னிக்கும் ஊர்வலமா?" என்று கேலி செய்தது. எழுபத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதம் வந்தபோது கேலி செய்யவும் தெருவுக்கு அலுத்துவிட்டது.

அந்தக் கார்தான் அவருக்குச் சோறு போட்டது. அமாவாசைக்குப் பெருமாள் சேவிக்க வருகிறவர்களையும், முகூர்த்த நாளில் மாப்பிள்ளைகளையும் வாடகைக்கு ஏற்றித்தான் குடும்பம் நடந்தது. இன்ஜின் இனி தேறாது என்று மெக்கானிக் சாலமோன் கையை விரித்ததும், மனைவி அம்புஜவல்லி மறுபேச்சுப் பேசாமல் வளையல்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அவற்றை விற்ற பணம்தான் அந்த வெள்ளிக்கிழமை காலையில் பாஷ்யத்தின் இடுப்பில் இருந்தது. அதுவும் போனால் விற்பதற்கு வீட்டில் வேறொன்றும் கிடையாது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் பழைய இன்ஜின் விற்கிற ஸம்பத்குமார் என்பவரைப் பற்றி யாரோ சொல்லியிருந்தார்கள். பெயரைக் கேட்டதுமே, நம்மவர்தான் என்று பாஷ்யத்துக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது. ஒன்பது மணிக்கு வருவதாக முன்கூட்டியே கார்டு போட்டுவிட்டு, சாலமோனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஷெட்டில் ஸம்பத்குமார் சலவை வேட்டியும் நெற்றியில் பளிச்சென்ற திருமண்ணுமாக நின்றிருந்தார். "வாங்கோ, வாங்கோ. அடியேன் காத்துண்டிருக்கேன்" என்று கைகூப்பினார். பின்னால் இரும்புச் சட்டத்தின்மேல், புதுப் பெயிண்ட் அடித்த இன்ஜின் ஒன்று சீராக ஓடிக்கொண்டிருந்தது. பாஷ்யத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாலமோன் இன்ஜினருகே கையைக் கொண்டுபோய்ச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இன்னா சாமி, நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட உட்டு வெச்சிக்கிறாரு? கொதிச்சிக்கினு கீது. நிறுத்தி, ஆற உட்டு, அப்பால ஒரு தபா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். சூட்டுல எந்த நோவும் வெளிய தெரியாது."

ஸம்பத்குமாரின் முகம் வாடியது. இன்ஜினை நிறுத்திவிட்டு, "அடியேன் வார்த்தையிலே நம்பிக்கை இல்லையா ஸ்வாமி?" என்றார்.

பாஷ்யத்துக்கு மானம் போனாற்போல் இருந்தது. "நீ சும்மா இரு, சாலமோன். உங்களவாளுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். இவர் நம்மவர்" என்று ஷெட்டிலிருந்த ஆட்கள் காதில் விழும்படியே சொன்னார்.

சாலமோன் வெளியே கிடந்த டயர்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே உறவு வளர்ந்தது. எந்த ஊர் பூர்விகம், எந்த மடம் என்றெல்லாம் பாஷ்யம் விசாரிக்க, ஐந்து தலைமுறை ஆசாரத்தையும் ஸம்பத்குமார் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். கேட்டு மகிழ்ந்த பாஷ்யம் கடைசியில் இடுப்பில் கையை வைத்தவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"அடடா! மணி பத்தரை ஆயிடுத்தே! ராகு காலம் பொறந்தாச்சு. இனி பன்னிரண்டுக்கு மேலேதான் பணம்."

"மனசு சுத்தமா இருந்தா ராகு என்ன ஸ்வாமி பண்ணும்? கொடுங்கோ" என்றார் ஸம்பத்குமார்.

இவ்வளவு நேரம் ஆசாரம் பேசிய வாயா இது? பாஷ்யத்துக்கு முதல்முறையாகச் சுருக்கென்றது. முடியாது என்று உட்கார்ந்துவிட்டார். பதினொன்றரைக்கு ஸம்பத்குமார் மெல்ல எழுந்து இன்ஜின் பக்கம் நகர்ந்தார்.

"பணம் பன்னெண்டுக்குத்தானே? இப்பவே எதுக்கு பெட்ரோல வீணாக்கறீங்க?" என்று வெளியிலிருந்து சாலமோனின் குரல் வந்தது. ஸம்பத்குமார் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

பன்னிரண்டு அடித்தது. சாலமோன், இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்புகிற கிராங்க் கம்பியைக் கொண்டுவந்து பாஷ்யத்தின் கையில் கொடுத்தார். "நான் ஒண்ணியும் சொல்லல சாமி. நீங்களே சுத்திப் பாருங்க."

பாஷ்யம் சுற்றினார். நல்ல இன்ஜின் திமிறும். கையை எதிர்த்துத் தள்ளும். இதுவோ வெறும் கிணற்று ராட்டினம்போல் லேசாகச் சுற்றியது. அவருடைய செத்துப்போன பழைய இன்ஜினே இதைவிடத் திமிறும்! மூச்சு வாங்க வாங்கப் பத்து முறை சுற்றிய பிறகு, லொக்லொக்கென்று இருமிக்கொண்டு கிளம்பியது. நீலப் புகை ஷெட்டை நிறைத்தது. உள்ளே யாரோ சுத்தியால் அடிப்பதுபோல் சத்தம்.

"ராத்திரி மழை... ஈரம் ஏறியிருக்கும்..." என்று இழுத்தார் ஸம்பத்குமார். பாஷ்யம் இடுப்பைப் பிடித்தபடியே வெளியே வந்துவிட்டார்.

சாலையோரப் புளியமரத்தடியில் நின்றதும், "அப்பாடா, பெருமாளே!" என்று பெருமூச்சு விட்டார். உடனே சிரிப்பும் வந்தது. "பணத்தைக் கொடுத்திருந்தேனானா என் குடும்பமே தெருவிலே நின்னிருக்கும், சாலமோன்!"

"உடுங்க சாமி. எங்க ஆரம்பாக்கத்துல தேசப்பன்னு ஒருத்தரு வண்டி கீது. மரத்துல மோதி பாடிதான் நசுங்கிப் போச்சி, இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்ல. சொல்லாம கொள்ளாம போய்ப் பாப்போம் வாங்க."

போனார்கள். குளிர்ந்து கிடந்த அந்த இன்ஜின் முதல் சுற்றிலேயே கம்பியைத் திருப்பி அடித்து, பாஷ்யத்தின் மணிக்கட்டைப் பதம் பார்த்தது. வலித்த கையை உதறிக்கொண்டு அவர் குழந்தைபோல் சந்தோஷப்பட்டார். இரண்டாவது சுற்றில் அது கிளம்பிவிட்டது. பேரம் படிந்து, மறுநாள் மாட்டுவண்டியில் ஏற்றிவிட ஏற்பாடும் ஆயிற்று.

சாயங்காலம் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கையில் பாஷ்யம் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"காலம்பர நாலு பேர் முன்னாடி உன்னைச் சொல்லக்கூடாததைச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுடு."

சாலமோன் அவரை நேராகப் பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன் சாமி. அந்த ஷெட்டு இன்ஜினு நல்லதா இருந்திருந்தா, இப்ப மன்னிப்பு கேட்டிருப்பீங்களா?"

பாஷ்யத்துக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"கேட்டிருக்க மாட்டேன். ஆனா இன்ஜின் நல்லதோ சொத்தையோ, நான் சொன்னது தப்புதான். நெத்தியைப் பார்த்து ஒருத்தரை நம்பினேன். பொறப்பைப் பார்த்து உன்னை மட்டம் தட்டினேன். ரெண்டும் ஒரே குருட்டுத்தனம். மனுஷாளை அவா நடத்தையைப் பார்த்துத்தான் மதிக்கணும். ஜாதியைப் பார்த்து இல்லே."

"இத்த எங்கிட்ட சொன்னா போதாது சாமி. உங்க தெருவுல சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார் பாஷ்யம்.