எறும்புகள் எடுத்து வைத்த எசாயஸ்

எசாயஸ் மென்ட்டூரை எறும்புகள் தூக்கிக்கொண்டுபோய் மண்ணுக்குள் வைத்தது ஒரு வியாழக்கிழமை மதியம், ஊசிமெத்தைச் செடிகள் பூத்து முடித்து விதை உதிர்க்கும் காலத்தில். அவனுக்கு அப்போது இருபத்துநான்கு வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம். காலை முழுக்க ரொட்டிச் சரிவில், சந்தைக்குப் போகும், வெட்டினாலும் வருஷக்கணக்கில் வாடாத ஏழாண்டுப் பூ வெட்டியிருந்தான். எம்மாவுஸ் ஊரில் பதினொரு வீடுகளின் சாப்பாடு அந்தச் சரிவிலிருந்துதான் வந்தது, அதனால் அந்தப் பெயர். தென்கிழக்குக் காற்றில் கைகால் தோல் வெடித்திருந்ததால் ஆட்டுவால் கொழுப்பை உருக்கி உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, கருவாடும் ரொட்டியும் தின்றுவிட்டு ஒரு புதர் நிழலில் படுத்தான். ஊசிமெத்தை விதையின் மேலே ஒரு மெல்லிய கொழுப்புத் தோல் உண்டு. எறும்புகள் அதற்காகத்தான் விதையை இழுத்துப்போய்ப் புதைத்து வைக்கின்றன. கொழுப்பு மணக்கும் ஒரு மனிதனை அவை விதையென்று எடுத்துக்கொண்டதில் ஊரில் யாருக்கும் பெரிய வியப்பில்லை. வேலை முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று.

முப்பதடி தள்ளி நின்று அதை முழுவதும் பார்த்தவன் அவனுடைய தம்பி பிலேமோன். சாயங்காலம் ஊர்க்கிணற்றடியில் பக்கத்து வீட்டு சன்னா அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, கூடப்பொறந்தவன எறும்பு தூக்கிட்டுப் போவுது, நீ பூக்கட்டிக்கிட்டு நின்னியா?"

"பத்துப் பத்தா எண்ணிக்கிட்டிருந்தேன் அக்கா. நடுவுல விட்டா மறுபடி மொதல்லேருந்து எண்ணணும்."

"எழுப்பியாவது விட்டிருக்கலாமே."

"நல்லாத் தூங்கிட்டிருந்தான். எழுப்புனா அடிப்பான், ஒனக்குத் தெரியாதா."

எசாயஸின் மனைவி ரொசீனா மண்வெட்டியோடு சரிவுக்குப் போனாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. இடுப்பளவு தோண்டியும் ஒன்றும் அகப்படவில்லை, மண் மட்டும் லேசாக வெதுவெதுப்பாக இருந்தது. பூவெட்டுகிறவர்களில் மூத்தவர்கள் வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்கள். எறும்பு புதைத்தது செத்ததல்ல, எடுத்து வைத்தது, தோண்டினால் வேர் கெட்டுவிடும் என்றார்கள். அது எப்போது வரும் என்று ரொசீனா கேட்டாள். எல்லா விதையும் வருகிற மாதிரிதான், மேலே தீ எரிந்து போன பிறகு, மழையில், என்றார்கள். குழியை மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. எம்மாவுஸ் சபையில் பெண்களுக்கு மூன்று வரிசை: கல்யாணமாகாதவர்கள் சன்னல் பக்கம், புருஷன் உள்ளவர்கள் முன்னால், விதவைகள் அவர்களுக்குப் பின்னால். ரொசீனா எங்கே உட்காருவது என்று போதகரைக் கேட்டார்கள். அவர் வெளிதேசத்திலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவன் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறான், ஆனால் அடக்க ஜெபம் சொல்லப்படவில்லை, அடக்கம்பண்ணியவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்களும் அல்ல என்று யோசித்து, முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார். அடுத்த கூட்டத்திலும் தள்ளிவைத்தார். ரொசீனா ஒரு வருஷம் கதவோரம் நின்றாள். பிறகு வீட்டிலிருந்து ஒரு முக்காலி கொண்டுவந்து இரண்டு வரிசைக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தாள். முன்வரிசையில் புருஷன்மாரைப் பற்றிக் குசுகுசுத்துக்கொண்டிருந்தவர்கள் அவள் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பின்வரிசைக்காரிகள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், அவர்களும் நிறுத்தினார்கள். பாட்டுப் பாடும்போது எல்லோர் தோளும் பக்கத்துத் தோளில் உரசும். அவளுக்கு இரு பக்கமும் காற்று.

தீ வருவதற்காக அவள் காத்திருந்தாள். அந்த மலைகளில் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை தீ தானாக வந்துவிடும். ஆனால் எம்மாவுஸ் வீடுகளுக்கெல்லாம் நாணல் கூரை, அதனால் மலையில் எங்கே புகை தெரிந்தாலும் மணி அடித்து எல்லோரும் ஈரச்சாக்கோடு ஓடுவது ஊர் வழக்கம். ரொசீனாவும் ஓடினாள். நான்காம் வருஷத் தீயையும், ஒன்பதாம் வருஷத் தீயையும், இடி விழுந்து பற்றிய பதினான்காம் வருஷத் தீயையும் மற்றவர்களோடு நின்று அவளும் அடித்து அணைத்தாள், கீழே நாணல் கூரைகளுக்கு அடியில் ஊர்ப்பிள்ளைகள் தொட்டிலில் கிடந்தன. வருஷாவருஷம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, காற்றில்லாத நாளாகப் பார்த்து ரொட்டிச் சரிவை மட்டும் எரிக்கலாமா என்று கேட்பாள். எரித்தால் நாலு வருஷத்துக்கு அங்கே வெட்ட ஒன்றும் இருக்காது. "பதினோரு வீட்டு அடுப்ப அணைச்சுட்டு ஒன் ஒருத்தி வீட்டுல விளக்கேத்தணுமா?" என்று சன்னா ஒருமுறை கேட்டாள், கெட்ட மனசோடு அல்ல. ரொசீனா உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வருஷம் மறுபடி கேட்டாள். மற்ற நாட்களில் பூ வெட்டினாள், பத்துப் பத்தாகக் கட்டி லாரியில் ஏற்றினாள், இரண்டு பேருக்குக் காப்பி போட்டு ஒன்றைக் குடித்தாள். இப்படிப் பத்தொன்பது வருஷம் போயிற்று. இரண்டு பேர் அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு பேரிடமும், நான் இன்னும் என்னவென்று சபை சொல்லவில்லை என்றாள்.

பத்தொன்பதாம் வருஷம் மார்ச் மாதத்தில், மேற்கே மேய்ச்சல் நிலத்தில் பற்றிய தீ முகடு ஏறி ரொட்டிச் சரிவின் விளிம்புக்கு வந்தது. தீயடிக்கும் வரிசையில் ஆளுக்கு இருபதடி. எந்த இருபதடி யாருக்கு என்பது ஓடிவந்து நிற்கிற வேகத்தில் முடிவாகும், அன்று சரிவின் வாய் ரொசீனாவுக்கு வாய்த்தது. காற்று ஊருக்கு எதிர்ப்பக்கமாக வீசியது. தீ நாய்க்குட்டி மாதிரி அவள் கால்வரை வந்தது. அவள் ஈரச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நகர்ந்து நின்றாள். பக்கத்து இருபதடியில் பிலேமோன் நின்றான், தலையில் முடி போய் வயிறு வைத்திருந்தது. "அண்ணி, சாக்கத் தூக்கு," என்றான். அவள் தூக்கவில்லை. அவன் தன் சாக்கை ஓங்கினான், அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு சாக்கைத் தரையில் விரித்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டான். சரிவு ஒன்றரை மணி நேரத்தில் எரிந்து முடிந்தது. பதினொரு வீடுகள் அந்த வருஷம் தூரத்து மலைகளுக்கு நடந்துபோய் வெட்டின, இரண்டு குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. கிணற்றடிக்கு ரொசீனா வந்தால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நாலு வருஷம் அவளோடு சரியாகப் பேசியவன் பிலேமோன் ஒருவன்தான், அவனும் தன் வீட்டுக்காரிக்குத் தெரியாமல்.

மே மாத மழைக்கு நாற்றுகள் முளைத்தன, அவற்றின் நடுவே எசாயஸின் உச்சந்தலையும் முளைத்தது. முதல் வருஷம் முடி மட்டும். இரண்டாம் வருஷம் நெற்றியும் மூடிய கண்களும். மூன்றாம் வருஷம் மூக்கு வெளிவந்தது, அருகே குனிந்தால் மூச்சு கேட்டது. ரொசீனா சுற்றிலும் கல் அடுக்கினாள், முள்ளம்பன்றி கடிக்காமல் காவல் இருந்தாள், பபூன் குரங்குகளைத் தகரம் தட்டி விரட்டினாள். நாலாம் வருஷம் ஆகஸ்டில் தோள் வரை வந்து நின்றது. அதற்கு மேல் வளரவில்லை, அந்தச் செடிகளும் அந்த உயரம்தான். இரண்டு தோளிலும் ஆரஞ்சு நிறத்தில் ஊசிமெத்தைப் பூ பூத்தது. அன்று காலையில்தான் அவன் கண்ணைத் திறந்தான். முகத்தில் இருபத்துநான்கு வயது அப்படியே இருந்தது. ரொசீனாவுக்கு நாற்பத்தைந்து.

"ஆன்ட்டி," என்றான், "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

அவள் கொடுத்தாள். குடித்துவிட்டு, "ரொசீனாவப் பாத்தீங்களா? காப்பி எடுத்துக்கிட்டு வர்றேன்னு சொன்னா, இன்னும் காணோம்," என்றான்.

ரொசீனா குவளையைத் துடைத்தாள். ஒரு தரம் துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். "அந்தப் பக்கம் வெட்டிக்கிட்டிருக்கா," என்றாள்.

"நீங்க அவளுக்குச் சொந்தமா? தாடை அவ தாடை மாதிரியே இருக்கு."

"கிட்டத்துச் சொந்தம்."

பிலேமோன் பார்க்கப் போனான், ஓடிப்போய், திரும்பி மெதுவாக வந்தான். "என்னைய மாமாங்கறான்," என்றான் ஊராரிடம். "நான் அவனவிட மூணு வயசு சின்னவன். கொஞ்சம் வயித்தக் கொறைங்க மாமான்னு புத்தி வேற சொல்றான்." உண்மையைச் சொல்லிவிடலாம், மண்ணைத் தோண்டி வீட்டுக்குத் தூக்கி வந்துவிடலாம் என்றும் சொன்னான். தோண்டினால் வேர் கெடும் என்றாள் ரொசீனா. உண்மையை நானே அவனிடம் நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். இதற்குள் மூன்றாவது போதகர் வந்திருந்தார், இளைஞர். மலையேறிப் பார்த்துவிட்டு வந்து, இவள் மனைவிதான், முன்வரிசையில் உட்காரலாம் என்று ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். ரொசீனா ஒரு ஞாயிறு அங்கே உட்கார்ந்து பார்த்தாள். நெருக்கமாக இருந்தது. முக்காலிக்கே திரும்பினாள். சரிவில் வெட்டு மறுபடி தொடங்கியிருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டுகிறவர்கள் எசாயஸுக்கு வணக்கம் சொல்லிவிட்டு இரண்டு செடி தள்ளி வெட்டினார்கள்.

தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் அவள் மலையேறினாள். செப்டம்பரில் ஒருநாள் உறுதியாகச் சொல்லிவிடுவதென்று வாயைத் திறந்தபோது அவனே பேச ஆரம்பித்தான். அந்த இரண்டு வருஷக் கல்யாணத்தில் அவன் அதிகம் பேசியதில்லை. சாப்பாடு, காற்று, பூ, அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஆன்ட்டியிடம் சொல்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது போலும்.

"ரொசீனா சபையில பாட்டுக்குச் சேராம பாடுவா ஆன்ட்டி, ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. நான் ஆம்பளைங்க வரிசையில ஒக்காந்து வாய மட்டும் அசைப்பேன். சத்தமாப் பாடுனா அவ கொரல் எனக்குக் கேக்காதில்ல."

ரொசீனா கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"இன்னும்?" என்றாள்.

"இன்னும் எவ்வளவோ இருக்கு." அவன் சிரித்தான். "இதெல்லாம் அவகிட்ட சொல்லிடாதீங்க. தலைகால் புரியாம ஆடுவா."

"சொல்லல," என்றாள்.

தேன்குடிக்கும் நீளவால் குருவி ஒன்று அவனுடைய இடது தோளில் வந்து இறங்கிப் பூவுக்குள் அலகை விட்டது. அதற்கு இடைஞ்சலாக இல்லாமல் ரொசீனா கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள், அவன் அடுத்ததைச் சொல்லத் தொடங்கினான்.